கியர் பெட்டிக்கு வைத்த பொட்டு

பூந்தமல்லி கோதண்டத்துக்குத் தன் கண்ணைவிட நாக்கின் மேல்தான் நம்பிக்கை அதிகம். கொட்டகைக்கு வரும் மோட்டார் காரின் அடியில் எது சொட்டினாலும் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவான். சுற்றி நிற்கிறவர்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "இன்ஜின் ஆயில்" என்பான். அல்லது, "ரேடியேட்டர் தண்ணி. துரு கலந்து கீது" என்பான். ஒருமுறை கண்ணை மூடியவன் வெகுநேரம் திறக்கவேயில்லை. பிறகு மெதுவாக எழுந்து, "இது காரே இல்ல" என்றான். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் சோடாக்கடை நாய் நின்றுகொண்டிருந்தது.

திருமழிசைப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன் அவன். ஏற்றம் இறைக்கச் சொன்னால் ஏற்றத்தின் கீல் எதற்குக் கிறீச்சிடுகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இவன் வயலுக்கு உதவமாட்டான் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு பட்டணத்துக்குப் போனான். மவுண்ட் ரோட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் கார் கழுவினான், பிறகு கழற்றினான், பிறகு கழற்றியதை மாட்டவும் கற்றுக்கொண்டான். ஊருக்குத் திரும்பி வந்தபோது ஒரு பெட்டி நிறைய ஸ்பானரும் முகம் நிறைய மீசையும் இருந்தன. பெங்களூர் ரோட்டோரம் கீற்றுக்கொட்டகை போட்டு, தகரப் பலகையில் "கோதண்டம் மோட்டார் வைத்தியசாலை" என்று எழுதவைத்து மாட்டினான். கீழே சிறிய எழுத்தில், "எல்லா வியாதியும் பார்க்கப்படும்."

அந்தப் பலகையைக் கண்டால் அவன் மச்சான் ஜம்புலிங்கத்துக்கு வயிறு எரியும். கோதண்டத்தின் பெண்சாதி சொர்ணத்துக்கு அண்ணன் அவன். பூந்தமல்லியிலிருந்து பட்டாபிராம் ஸ்டேஷன் வரைக்கும் ஜட்கா ஓட்டுகிறவன். மோட்டார் வந்ததிலிருந்து ஜட்காவில் ஏறுகிறவர்கள் குறைந்துபோனார்கள். அதற்குக் காரணம் உலகத்தில் மோட்டார் செய்கிறவர்கள் அல்ல, தன் தங்கச்சி புருஷன்தான் என்று அவன் முடிவுகட்டியிருந்தான்.

கோதண்டத்திடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் காரையும் பொட்டு வைக்காமல் கொட்டகையை விட்டு அனுப்பமாட்டான். ரேடியேட்டருக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, கியர் பெட்டிக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று. சந்தனம் அரைப்பது சொர்ணத்தின் வேலை. ரோட்டுக் காற்றில் பொட்டு உதிர்ந்துவிடுகிறது என்று அவன் ஒருநாள் குறைப்பட்டதைக் கேட்டு, அவள் வேப்பம்பிசினைக் கரைத்துச் சந்தனத்தில் சேர்க்கத் தொடங்கியிருந்தாள். அதன் பிறகு சொர்ணம் அரைத்த சந்தனம் காய்ந்தால் உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். அவளுக்கு அதில் வெளியே சொல்லிக்கொள்ளாத பெருமை.

யுத்தம் வருவதற்கு முந்தைய வருஷம், ஆயுதபூஜை அன்றைக்கு ஜேசுராஜ் தன் காரை ஓட்டிக்கொண்டு வந்தான். ஆவடியில் மரக்கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளை. கப்பலேறிப் போன ஒரு துரையிடம் வாங்கிய பந்தயக் கார் அது. சிவப்பு. இரண்டே பேர் உட்காரலாம். உட்கார்ந்தால் ரோட்டில் போகும் கோழிகளின் முகம் நேருக்கு நேர் தெரியும், அத்தனை தாழ்வு. துரை காரோடு ஒரு பெரிய டின் ஆயிலும் கொடுத்திருந்தார். பந்தயக் கார்களுக்கென்று ஆமணக்கெண்ணெயில், அதாவது நம் விளக்கெண்ணெயில், செய்த ஆயில். இன்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் அதையேதான் ஊற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

வந்தது பிரேக்கை இறுக்கிக்கொள்ள. அது முடிந்ததும் கோதண்டம் சந்தனக் கிண்ணத்தோடு வந்தான்.

"மேஸ்திரி, நாங்க வேதக்காரங்க" என்றான் ஜேசுராஜ், சங்கடத்தோடு.

"நீங்க வேதக்காரங்கதான் சார். காரு இன்னும் ஞானஸ்நானம் வாங்கலியே."

கோதண்டம் ரேடியேட்டருக்கும் ஸ்டீயரிங்குக்கும் வைத்துவிட்டு, கால் வைக்கும் இடத்தில் இருந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினான். அடியில் கியர் பெட்டியின் தலை தெரிந்தது. எண்ணெய் ஊற்றுகிற பித்தளை மூடி ஒன்று, ரூபாய்க் காசு அகலத்தில் பளபளத்தது. அதன் நெற்றி நடுவில் கடுகளவு ஒரு குழி. பொட்டு வைப்பதற்கென்றே சீமையில் செய்து அனுப்பியதுபோல இருந்தது. கோதண்டத்துக்கு மனசு குளிர்ந்துபோய், மற்றவற்றுக்கு வைத்ததைவிடப் பெரிதாகவே வைத்தான்.

சில நாள் கழித்து ஜேசுராஜுக்குப் பட்டாபிராமில் நிச்சயதார்த்தம். பெண் ஞானசௌந்தரி. அவள் அப்பா கிறிஸ்துதாஸ் ரயில்வேயில் பார்சல் குமாஸ்தா. வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வாசல்படி தாண்டமாட்டார். காரை வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பாடெல்லாம் ஆயிற்று. வழியனுப்ப வந்த கிறிஸ்துதாஸ் காரின் ஓரமாக நின்று, "போய்ட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார். "போய்ட்டு" என்பதை நின்றபடி சொன்னார். "வாங்க" என்பதைத் தரையில் உட்கார்ந்தபடி சொன்னார். காரின் அடியிலிருந்து ஆயில் ஒழுகி வாசல் முழுக்க வழுக்கிக் கிடந்தது.

எழுப்பி நிறுத்தியபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "கல்யாணத்தன்னிக்குக் கோயில் வாசல்ல வெள்ளை விரிப்பு போடுவோம். எம் பொண்ணு வெள்ளைப் புடவை கட்டியிருப்பா. அன்னிக்கும் இந்தக் கார் இப்பிடி ஒழுகினா, அவ ஜட்காவிலதான் வருவா" என்றார் மெல்லிய குரலில்.

ஜேசுராஜ் நேராகப் பூந்தமல்லிக்கு வந்தான். கோதண்டம் அடியில் புகுந்து விரலை வைத்தான், நாக்கில் வைத்தான், கண்ணை மூடினான்.

"ஆமணக்கு" என்றான். "இன்ஜின் அடி காஞ்சி கீது. பின்னால கியர் பெட்டிதான் ஈரம். கியர் பெட்டி ஆயிலு சார் இது."

அதில் தப்பே இல்லை. பெட்டியின் அடியில் எண்ணெய் வடிக்கிற அடித்திருகின் வாஷர் தேய்ந்திருந்தது. புதிது வெட்டிப் போட்டு இறுக்கி, பொட்டு வைத்து அனுப்பினான். அடுத்த வாரம் கார் திரும்பி வந்தது. இப்போது அடித்திருகு காய்ந்திருந்தது. பக்கத்து மூடி ஒழுகியது. கோதண்டம் மறுபடி ருசி பார்த்தான். கெட்டி அட்டையில் புதுப் பட்டை வெட்டி, அரக்குத் தடவி, மூடியைப் போட்டு முறுக்கினான். பொட்டு வைத்தான். கார் மறுபடியும் வந்தது. மூடி காய்ந்திருந்தது. வேறெங்கோ ஒழுகியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொட்டகையில் நிற்கும்போது அந்தக் கார் ஒரு சொட்டு விடாது. சாதுவாக நிற்கும். நன்றாக ஓடிச் சூடேறினால்தான் புத்தி மாறும்.

ஜம்புலிங்கத்துக்கு இதைவிட நல்ல காலம் வேறெப்போது வரும்? சவாரி இல்லாத நேரமெல்லாம் ஜட்காவைக் கொட்டகை எதிரில் நிறுத்திக்கொண்டான்.

"இன்னா மாப்ளே, என் வண்டி அச்சுக்கு நான் எண்ணெ போடுறேன். உன் காரு ரோட்டுக்கே எண்ணெ போட்டுகினு போவுதாமே?"

"மச்சான், வேலை நடக்குது. ஓரம் போ."

"போறேன் போறேன். பட்டாபிராம்ல பார்சல் ஐயரு... இல்ல, பார்சல் ஐயா சொல்லி அனுப்பிகீறாரு. கல்யாணத்துக்கு ஜட்கா தயாரா இருக்கணுமாம். குதிரைக்குக் குஞ்சம் வாங்கியாச்சி."

கோதண்டத்துக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் அவனுக்கு வாய் முந்திக்கொள்ளும். "அன்னிக்குக் கோயில் வாசல்ல ஒரு சொட்டு உழுந்துச்சின்னா, இந்தப் பலகைய நானே அவுத்துட்டு உன் குதிரைக்குப் புல்லு போட வர்றேன். போதுமா?"

"சொர்ணம்! கேட்டுக்கினியா உன் ஊட்டுக்காரரு சொன்னத?" என்று ஜம்புலிங்கம் உள்ளே பார்த்துக் கூவினான்.

சந்தனம் அரைத்துக்கொண்டிருந்த சொர்ணம், கல்லிலிருந்து கையை எடுக்காமல், "கேட்டுச்சி" என்றாள்.

அதன் பிறகு கோதண்டம் முறையாகவே இறங்கினான். பெட்டியை மண்ணெண்ணெய் விட்டு ஈரம் இல்லாமல் துடைத்தான். சொர்ணத்தின் கோலமாவை வாங்கி அடிப்பக்கம் முழுக்கத் தூவினான். ஜேசுராஜை மாங்காடு வரைக்கும் ஓட்டிவிட்டு வரச் சொன்னான். திரும்பி வந்ததும் அடியில் புகுந்து பார்த்தான். வெள்ளை மாவில் ஈரக்கோடு ஒன்று, பெட்டியின் பின்வாசலிலிருந்து, சுழலும் தண்டு வெளியே வருகிற இடத்திலிருந்து கிளம்பியிருந்தது. அங்கே ஆயிலைத் தடுக்கக் கம்பளி வளையம் ஒன்று உண்டு. அது நைந்துபோயிருந்தது.

கண்ணால் பார்த்தது போதாதென்று அதையும் ருசி பார்த்தான். ஆமணக்கெண்ணெய் தன் வேலையைக் காட்டியது அன்றைக்குத்தான். சொர்ணம் பேசாமல் செம்பில் தண்ணீர் நிரப்பிக் கொட்டகை ஓரத்தில் வைத்தாள். அவன் அதை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் ஓடினான். வந்தான். மறுபடி ஓடினான்.

"வைத்தியருக்கே லீக்கு" என்றான் ஜம்புலிங்கம், ஜட்காவில் சாய்ந்தபடி.

மறுநாள் முகம் வாடி வந்து உட்கார்ந்த கோதண்டம் ஜேசுராஜிடம் விஷயத்தைச் சொன்னான். "கம்பளி வளையம் சீமையிலிருந்து வரணும் சார். கப்பல் வர்றதுக்குள்ள உங்களுக்குக் கொழந்த பொறந்துடும்."

"வேற வழி?"

கோதண்டம் ஜேசுராஜின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். தலையில் கல்யாணத்துக்கென்று பட்டணத்தில் வாங்கிய சாம்பல் நிறத் தொப்பி இருந்தது.

"அது அசல் கம்பளிங்களா சார்?"

"அசல் கம்பளி. ஏன் மேஸ்திரி?" என்ற ஜேசுராஜ், அவன் பார்வை நகராததைக் கண்டு இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டான். "மேஸ்திரி, வேணாம்."

"ஒரு வளையம் சார். உச்சிலதான். மேல யாரு பாக்கப் போறாங்க? ஆண்டவரு ஒருத்தருதான் பாப்பாரு, அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

கல்யாணத்துக்கு முந்தின நாள் முழுக்கக் காரின் தரைப்பலகையைக் கழற்றி, பெட்டியை இறக்கி, தொப்பியின் உச்சியில் வெட்டிய வளையத்தைச் சூடான எண்ணெயில் ஊறவைத்துப் பொருத்தினான். மறுநாள் காலையில்தான் எல்லாவற்றையும் மேலேற்றி ஆயில் ஊற்றி முடிந்தது. ஜேசுராஜ் வெள்ளைக் கோட்டு சூட்டோடு வந்து நின்றுகொண்டிருந்தான். தலையில் தொப்பியும் இருந்தது. உச்சியில் கொஞ்சம் முடி எட்டிப் பார்த்தது.

வைத்தியசாலைப் பலகை தொங்கிய இடம் காலியாக இருந்தது. "அண்ணன் விடியறப்பவே வந்து கழட்டிகினு போயிடுச்சி" என்றாள் சொர்ணம். "எப்டியும் கழட்டப் போறதுதானே, உனுக்கு எதுக்குச் சிரமம்னு சொல்லிச்சி." சொல்லிவிட்டு அப்போதுதான் அரைத்த சந்தனத்தைக் கிண்ணத்தில் வழித்துக் கொடுத்தாள்.

கோதண்டம் பித்தளை மூடியின் குழியில், கல்யாண வண்டியாயிற்றே என்று, தாராளமாகப் பொட்டு வைத்தான். காய நேரமில்லை. மிச்சச் சந்தனத்தைக் கிண்ணத்தோடு மடியில் வைத்துக்கொண்டு ஜேசுராஜுக்குப் பக்கத்தில் ஏறினான். வழியில் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும் என்று ரப்பர் விரிப்பைச் சுருட்டிவிட்டு, குனிந்து, கியர் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தான்.

திருமழிசை தாண்டும்வரை ஒன்றுமில்லை. பெட்டி சூடேறி வந்தது. குத்தம்பாக்கம் பக்கம் வரும்போது பொட்டு அசைந்தது.

கோதண்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். பொட்டு மூச்சு விட்டது. மெல்ல உப்பியது. கொப்பளம்போல எழும்பியது, பூரிபோல ஆயிற்று.

"சார்," என்றான் அடிக்குரலில். "அம்மன் வந்துட்டா சார்."

"எங்க?"

அவன் இன்னும் கிட்டே குனிந்தான். 'டப்' என்று ஒரு சத்தம். பொட்டு கிளம்பி நேராக அவன் நெற்றி நடுவில் போய் ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே மூடியின் குழியிலிருந்து சூடான காற்று புஸ்ஸென்று வெகுநேரம் வந்தது.

ஜேசுராஜ் காரை ஓரமாக நிறுத்தினான். இருவரும் மூடியைப் பார்த்தார்கள். கோதண்டம் வேலியிலிருந்து ஒரு முள்ளை ஒடித்து அந்தக் குழிக்குள் விட்டான். முள் உள்ளே போயிற்று. போய்க்கொண்டேயிருந்தது. அது குழியல்ல, துளை.

"மேஸ்திரி," என்றான் ஜேசுராஜ் நிதானமாக, "பெட்டி சூடானா உள்ள இருக்கிற காத்து விரியும். அது வெளிய போறதுக்குத்தானே இந்த ஓட்டை?"

"ஆமா சார்."

"இத அடைச்சா?"

"காத்து ஆயில முட்டித் தள்ளும் சார். எந்த வாசல் இளப்பமோ அந்த வாசல் வழியா." கோதண்டத்தின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "அடித்திருகு... பக்கத்து மூடி... பின்வாசலு..."

"ஆயுதபூஜைக்கு முன்னாடி இந்தக் கார் ஒழுகவேயில்ல."

"ஒழுகல சார்."

"என் தொப்பி?"

கோதண்டம் நெற்றியைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்து, "தொப்பிக்குக் காத்தோட்டம் நல்லதுதான் சார்" என்றான்.

ஜேசுராஜ் ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்துவிட்டான். அழுகிறான் என்று நினைத்துக் கோதண்டம் முதுகைத் தடவிக் கொடுத்தான். சிரிப்பில்தான் அந்த முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது புதுச் சிக்கல். கல்யாண நாளில் பொட்டில்லாமல் ஒரு வண்டியை அனுப்பிய பழக்கம் கோதண்டத்துக்கு இல்லை. மடியில் கிண்ணம் வேறு இருந்தது. துளையைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான், ஜேசுராஜைப் பார்த்தான். கடைசியில் ஒரு விரல்கடை தள்ளி, மூடியின் ஓரத்தில், காதோரம் வைப்பதுபோலச் சின்னதாக ஒன்று வைத்தான்.

பட்டாபிராம் கோயில் வாசலில் வெள்ளை விரிப்பு ரோடு வரைக்கும் நீண்டிருந்தது. அதன் நுனியில் சூடு ஆறாத கார் நின்றது. பக்கத்தில் குஞ்சம் கட்டிய குதிரையோடு ஜட்கா. ஜட்காவுக்குள், உட்காருகிற இடத்தில், கோதண்டத்தின் பலகை மல்லாந்து கிடந்தது.

உள்ளே பாட்டும் ஜெபமும் நடந்தன. வெளியே ஜம்புலிங்கம் காரின் அடியைப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கோதண்டம் எதிர்ப்புறம் குத்துக்காலிட்டிருந்தான். காரின் அடி வழியாக இருவர் முகமும் தெரிந்தது.

"உன் நெத்தில இன்னா மாப்ளே, கோணல்மாணலா?"

"வேண்டுதல்."

"சொட்டுமா?"

"சொட்டாது."

சொன்னானே தவிர, கோதண்டத்தின் கண் ஜட்காவிலிருந்த பலகைக்கே போயிற்று. அந்தப் பலகையை எழுத வைக்க அவன் பட்டணத்துப் பெயிண்டரைக் கூட்டிவந்திருந்தான். 'வைத்தியசாலை' என்று எழுதி முடித்ததும் சொர்ணம் எட்டி நின்று அதைப் பார்த்த பார்வை அவனுக்கு ஞாபகம் வந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் இடமிருந்து வலம் முழுக்கப் பார்த்தாள்.

மணி அடித்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் வெள்ளை விரிப்பில் நடந்து வந்தார்கள். முன்னால் வந்த கிறிஸ்துதாஸ் காரின் அருகே நின்று, வேட்டியைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, குனிந்து தரையைப் பார்த்தார். மண் காய்ந்து கிடந்தது. விரிப்பு சலவை கலையாமல் இருந்தது. அவர் மெல்லத் தலையாட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோயில் வாத்தியக்காரர்கள் ஓங்கி ஊதினார்கள். குதிரை மிரளவில்லை. கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், வெள்ளை விரிப்பின் நுனியில் பொழியத் தொடங்கியது. எவ்வளவு நேரம் பொழிந்தது! வாத்தியம் நின்ற பிறகும் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. கிறிஸ்துதாஸ் பின்னால் நகர்ந்துகொண்டேயிருந்தார். ஞானசௌந்தரி புடவையை அள்ளிக்கொண்டு ஒரே தாவில் காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கோதண்டம் எழுந்து போய், குதிரையின் அருகே குனிந்து, ஒரு விரலை நீட்டினான்.

"டேய், டேய்! நாக்குல வெச்சிடாதடா!" என்று அலறினான் ஜம்புலிங்கம்.

"வெக்க வேணாம் மச்சான், பாத்தாலே தெரியுது" என்றான் கோதண்டம். "வாஷர் போயிடுச்சி. கொட்டகைக்கு ஓட்டிகினு வா."

அன்று சாயங்காலம் ஜம்புலிங்கமே பலகையைக் கொண்டுவந்து தன் கையால் ஆணி அடித்து மாட்டினான். மனசில்லாமல் அடித்த ஆணி. பலகை ஒரு பக்கம் தாழ்ந்துதான் தொங்கியது. கோதண்டம் அதை நேராக்கவே இல்லை. யாராவது கேட்டால், "என் மச்சான் மாட்டினது" என்பான், சத்தமாக, எதிரே ஜட்கா நிற்கும் நேரமாகப் பார்த்து.

கியர் பெட்டிப் பொட்டும் அதற்குப் பிறகு எல்லா வண்டிக்கும் ஒரு விரல்கடை தள்ளியே விழுந்தது. பெங்களூர் ரோட்டில் மற்றக் கொட்டகைக்காரர்கள் இதைக் கவனித்தார்கள். கோதண்டம் கைபட்ட கார் ஒழுகாததற்கு இதில்தான் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று அவர்களும் ஓரமாகவே வைக்கத் தொடங்கினார்கள்.

குத்தம்பாக்கத்தில் நடந்ததை அவன் சொர்ணத்திடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அன்றைக்குக் கல்யாணத்திலிருந்து வந்தவனின் நெற்றியில் வட்டமாகக் காய்ந்திருந்த சந்தனத்தையும், அதன் நடுவில் இருந்த கடுகளவு ஓட்டையையும், மறுநாள் வந்த காருக்கு அவன் ஓரம் தள்ளி வைத்த பொட்டையும் பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவள் அரைத்த சந்தனத்தில் வேப்பம்பிசின் இல்லை.